கடைசி வெட்டு

குருவிநத்தத்தில் அரிகரனைத் தெரியாதவன் இருக்கலாம், அவனிடம் அடி வாங்காதவன் இருக்க முடியாது என்று டீக்கடையில் சொல்வார்கள். கொஞ்சம் கூட்டிச் சொல்வதுதான். ஆனால் ரொம்பக் கூட்டவில்லை. ஆள் குட்டை, தோள் மட்டும் வாசல் நிலையில் இடிக்கும். மற்றவர்களுக்குக் கோபம் மூக்கு நுனியில் வரும் என்றால் இவனுக்கு நேரே முன்னங்கைக்கு வரும். வாயைத் திறந்து திட்டுவதற்குள் கை போய்த் திரும்பி வந்துவிடும். எட்டாம் வகுப்பில் ஒருத்தன் "உங்கப்பன் குடிகாரன்" என்றான். அவனுடைய முன்பல் இரண்டும் அன்றோடு போயிற்று. அரிகரனின் அப்பா குடிகாரர்தான், ஊருக்கே தெரியும். தெரிந்தால் சொல்லிவிடுவதா? பள்ளிக்கூடம் அதோடு சரி. கரும்பு வெட்டுகிற கேங்கில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அங்கே வெட்டினால் யாரும் வீட்டுக்கு வந்து சண்டை போடுவதில்லை. கொடுவாளைக் கையில் எடுத்தவன்தான், முப்பது வயசு தாண்டியும் கீழே வைக்கவில்லை.

அவனுக்குக் கல்யாணம் ஆனதும் ஓர் அடிதடியில்தான். பாகூரில் தேர். சோரியாங்குப்பத்திலிருந்து மகாலட்சுமி தன் அண்ணன் சிவப்பிரகாசத்தோடு வந்திருந்தாள். அண்ணன் பொரிகடலை வாங்கத் திரும்பிய நேரம், ஒரு குடிகாரன் கூட்டத்தோடு கூட்டமாக வந்து அவள் கையைப் பிடித்து இழுத்தான். சுற்றி நூறு பேர் இருந்தார்கள். நூறு பேரும் பார்த்தார்கள். சிலர் "ஏய், ஏய்" என்றார்கள். முன்பின் தெரியாத அரிகரன் மட்டும் எங்கிருந்தோ பாய்ந்து வந்து விழுந்தான். குடிகாரனின் தாடை கழன்றது. குடிகாரனோடு வந்தவன் பாட்டிலை உடைத்து அரிகரனின் புருவத்தில் இறக்கினான். அவனையும் தூக்கித் தேர்ச் சக்கரத்துக்குப் போட்ட கட்டையின்மேல் சாத்திவிட்டு, கண்ணில் வழிகிற ரத்தத்தைத் துடைக்காமல் இவன் மகாலட்சுமியிடம் சொன்ன முதல் வார்த்தை இதுதான்:

"உன் செருப்பு ஒண்ணு அங்க கெடக்குது. எட்த்துக்கோ."

வீட்டுக்குப் போனதும் அவள் அம்மாவிடம் சொல்லிவிட்டாள். கட்டினால் அவனைத்தான் கட்டுவேன். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "அடியே, அவன் முரடன்டி. யோசிக்கறதே கெடையாதாம்."

"யோசிக்கறவன் ஊரு நெறைய கீறான்மா. அன்னைக்கி அத்தினி பேரும் யோசிச்சிகினுதான் நின்னான். எனக்குப் பாயறவன் வேணும்."

அப்படி வந்த கல்யாணம். ஊரையே அடித்தவன் அவள்மேல் ஒருநாளும் கை வைத்ததில்லை. ஒரு சுடுசொல்கூட அளந்துதான் வரும். அவள் ராத்திரி பயமில்லாமல் தூங்கினாள், பகலில் பயமில்லாமல் நடந்தாள். ஏதாவது ஒன்று என்றால் இந்த மனுஷன் வந்து விழுவான் என்ற நம்பிக்கைதான் அவளுடைய சொத்து. கரும்பு வெட்டில் புருஷனும் பெண்சாதியும் ஜோடி. புருஷன் முன்னால் அடிக்கட்டையில் வெட்டிச் சாய்த்துக்கொண்டே போவான். பெண்சாதி பின்னாலேயே குனிந்து காய்ந்த சோகை உரித்து, நுனியில் பச்சையாக நிற்கிற கொழுந்தாடை கழித்து, கட்டுக் கட்டிப் போடுவாள். பாம்பு எந்தச் சோகைக்குள் சுருண்டிருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? முதுகு வளைந்து கிடக்கிறவளுக்குக் கண் கீழேதான் இருக்கும். மற்றதெல்லாம் முன்னால் போகிறவன் பாடு. அரிகரனுக்குப் பின்னால் குனிந்த வரைக்கும் மகாலட்சுமி நிமிர்ந்து பார்த்ததே இல்லை.

சிவப்பிரகாசமும் அதே கேங்குதான். கொடுவாளில் அரிகரனுக்குச் சமம், வாயில் அரிகரனுக்குப் பத்து மடங்கு. மச்சானும் மாப்பிள்ளையும் ஒரே பீடியைப் பாதி பாதி இழுப்பார்கள், அரைமணி நேரத்தில் ஒருத்தன் சட்டையை ஒருத்தன் கிழிப்பார்கள்.

சனியன் ஒரு சாராயக்கடையில் வந்தது. பெஞ்சில் இடம் விடவில்லை என்று ஒருத்தன் அரிகரனின் தட்டைத் தள்ளிவிட்டான். அரிகரன் அந்தப் பெஞ்சையே தூக்கி அவன் முழங்கையில் இறக்கினான். எலும்பு வெளியே வந்துவிட்டது. ஸ்டேஷன், கேஸ், ஊர்ப் பெரியவர்கள், சமாதானம். இனி ஒரு தடவை கை நீண்டால் உள்ளே போகவேண்டியதுதான் என்று எழுதி வாங்கிக்கொண்டு விட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் மகாலட்சுமி அழவில்லை, கத்தினாள்.

"உன்ன நம்பி ரெண்டு புள்ள கீது. நீ உள்ள போயிட்டா நான் இன்னா பண்றது? கை அரிச்சா செவுத்துல குத்து. இல்லாட்டி எங்கண்ணன் போன்ல எந்நேரமும் எவனையோ வெட்டிகினு கீறான் பாரு, அந்த மாதிரி வெட்டித் தொலை. போன்ல செத்தவனுக்குக் கேஸ் கெடையாது."

நல்ல யோசனைதான். அவள்தான் சொன்னாள், அவள் வாயாலேயே சொன்னாள்.

மதியச் சோறு தின்றுவிட்டு டிராக்டருக்காகக் காத்திருக்கிற நேரம். புங்கமரத்து நிழலில் சிவப்பிரகாசம் தன் போனை நீட்டினான்.

"தோ பாரு மாப்ள. எங்க போவணுமோ அங்க ஒரு தட்டு தட்டு. ஆளு தானா போவான். போயி தானா வெட்டுவான்."

"தானா வெட்டுவானா? அப்ப நான் எதுக்கு? நான் இன்னா மேஸ்திரியா, வரப்புல குந்திகினு கை காட்ட?"

"டேய், நான் இங்கதாண்டா கீறேன்" என்றார் மேஸ்திரி ஆண்டனி. துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு படுத்திருந்தவர் துண்டை எடுக்கவில்லை.

"வேற போடு மச்சான். நடந்தா நான் நடக்கணும். வெட்னா நான் வெட்டணும்."

சிவப்பிரகாசம் வேறொன்றைப் போட்டுக் கொடுத்தான். அதன் இங்கிலீஷ் பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. வெட்டுக் கேம் என்று சொன்னால் எல்லோருக்கும் புரியும். போன் கண்ணாடியில் இடது மூலையில் ஒரு வளையம். இடது கட்டைவிரலை அதில் வைத்து எந்தப் பக்கம் சாய்க்கிறாயோ அந்தப் பக்கம் ஆள் ஓடுவான். விரலைத் தூக்கினால் நின்றுவிடுவான். வலது மூலையில் வெட்டு, உருளு, பெரிய அடி என்று மூன்று பித்தான்கள். அரிகரன் விரலை வைத்தான். ஆள் ஓடினான். எலும்புக்கூடு ஒன்று ஈட்டியோடு வந்தது. வெட்டினான், மண்டை பறந்தது. இன்னொன்று வந்தது, விலா பிளந்தது. கொம்பு வைத்த ஒரு பிசாசு பின்னாலிருந்து பாய்ந்தது. உருண்டு திரும்பிக் கணுக்காலில் போட்டான், அது மடிந்து விழுந்ததும் முதுகில் ஏறிப் பிடரியில் நாலு போடு போட்டான். சுவரெல்லாம் ரத்தம் தெறித்து வழிந்தது. அவன் நெஞ்சு அடித்துக்கொண்ட சத்தம் பக்கத்தில் இருந்தவனுக்கே கேட்டிருக்கும். எத்தனை பேரைக் கொன்றாலும் எவனும் ஸ்டேஷனுக்குப் போகாத ஓர் ஊர்! அப்பாடா என்றிருந்தது அவனுக்கு. அடுத்த வாரமே ஒரு பழைய போனைப் பிடித்துவிட்டான்.

இரண்டு பேரும் சேர்ந்து ஆடலாம். ஒரே மண்டபத்துக்குள் இரண்டு ஆளும் இறங்கலாம். ஆனால் அந்தக் கேமில் ஒரு சட்டம் இருந்தது, அங்கேதான் வம்பு. பெரிய அரக்கன் ஒவ்வொருத்தன் தலைக்குமேலும் ஒரு சிவப்புக் கோடு இருக்கும். வெட்ட வெட்ட அது குறுகும். கோடு தீர்ந்தால் அரக்கன் சாவான், அவனிடமிருந்து ஓர் ஆயுதமோ கவசமோ விழும். அது யாருக்கு? கடைசி வெட்டு யாருடையதோ அவனுக்கு. அதுவரைக்கும் முட்டி மோதினவனுக்கு ஒன்றும் கிடையாது.

சிவப்பிரகாசம் இந்தச் சட்டத்தைப் பாலோடு குடித்து வளர்ந்தவன் போல ஆடினான். அரிகரன் நேரே போய் அரக்கன் காலடியில் நிற்பான். அடி வாங்குவான், அடிப்பான், செத்துச் செத்து எழுந்து வந்து மறுபடியும் அடிப்பான். சிவப்பிரகாசம் தூணுக்குப் பின்னால் கட்டைவிரலைத் தூக்கிவிட்டுச் சும்மா நிற்பான். சிவப்புக் கோடு நகக்கண் அளவுக்கு வந்ததும் ஒரே பாய்ச்சல், ஒரே வெட்டு. கவசம் அவனுக்கு, வாள் அவனுக்கு. அரிகரனின் ஆள் கடைசிவரைக்கும் முதல்நாள் கொடுத்த துருப்பிடித்த கத்தியோடு நிற்பான்.

எருமைத்தலையோடு ஓர் அரக்கன் இருந்தான். எருமமூஞ்சி என்று பேர் வைத்திருந்தார்கள். அவன் செத்தால் இரட்டைக் கோடாலி விழும். அதற்காக அரிகரன் நாள்கணக்கில் மதியத் தூக்கத்தை விட்டான். கடைசியில் ஒருநாள் எருமமூஞ்சி கை ஒன்று துண்டாகி, வயிறு கிழிந்து, குடல் வெளியே தொங்க, முழங்காலில் விழுந்துவிட்டான். அரிகரன் வெட்டுப் பித்தானை அமுக்கப் போனான். தூணுக்குப் பின்னாலிருந்து சிவப்பிரகாசம் வந்தான். எருமைத்தலை உருண்டது. கோடாலி சிவப்பிரகாசத்தின் தோளில் போய் ஏறிக்கொண்டது.

அரிகரன் போனைப் பத்திரமாகத் துண்டின்மேல் வைத்தான். பிறகு மச்சானின் கழுத்தைப் பிடித்தான். இரண்டு பேரும் வெட்டின கரும்புக் கட்டைகளின்மேல் உருண்டார்கள். கட்டை முனை குத்தி முதுகெல்லாம் கோடு கோடாக ரத்தம். சிவப்பிரகாசத்தின் உதடு பிளந்தது, அரிகரனின் காதில் கடி விழுந்தது. ஆண்டனியும் நாலு பேரும் வந்து இழுத்துப் பிரித்தார்கள். மகாலட்சுமி குறுக்கே விழுந்து இரண்டு பேரையும் தோகைக் கட்டாலேயே விளாசினாள்.

"தூ! போன்ல விழுந்த கோடாலிக்கா அடிச்சிக்கிறீங்க? வெளக்கமாறுகூட அடிச்சா தேயும், அது தேயுமா?"

சிவப்பிரகாசம் ரத்தத்தைத் துப்பிவிட்டுச் சிரித்தான். "அடிக்கறவனுக்கு ஒண்ணும் கெடையாது மாப்ள. முடிக்கறவனுக்குத்தான். நின்னு பாக்கக் கத்துக்கோ."

அரிகரனுக்கு அந்த வார்த்தை முள்ளாகத் தைத்தது. சரி, கற்றுக்கொள்கிறேன். ஒருநாளாவது உன் கண் முன்னால் கடைசி வெட்டை நான் போடவில்லை என்றால் என் பேர் அரிகரன் இல்லை. அன்றிலிருந்து அவனுடைய வாழ்க்கையில் அந்த ஓர் ஆசைதான். வெட்டுவதை அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். நிற்பதைத்தான் கற்க வேண்டியிருந்தது. இடது கட்டைவிரலைத் தூக்கு. கோட்டைப் பார். இன்னும் இருக்கிறது, இன்னும் இருக்கிறது, இரு. முதலில் விரல் தானாகக் கீழே இறங்கிற்று. மெல்லமெல்லப் பழகிவிட்டது. சின்னச் சின்ன அரக்கர்களில் ஒன்றிரண்டு கடைசி வெட்டுகளைப் பிடுங்கவும் செய்தான். ஆனால் பெரியது எதுவும் சிக்கவில்லை, சிவப்பிரகாசம் அவனைவிடப் பொறுமைக்காரன்.

வெளியேயும் ஆள் மாறினான். ஒருநாள் டீக்கடையில் அவனுடைய சித்தப்பா மகனை இரண்டு பேர் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். பழைய அரிகரனாக இருந்தால் இந்நேரம் யாராவது ஒருத்தனை வடைச்சட்டிக்குள் தூக்கிப் போட்டிருப்பான். அன்றைக்கு டீ கிளாசைக் கையில் பிடித்தபடி நின்றான். பார்த்தான். அவர்களாகவே அடித்து ஓய்ந்து போனபிறகு போய்ச் சித்தப்பா மகனைத் தூக்கிவிட்டான். அன்று மகாலட்சுமி மாரியம்மனுக்குத் தேங்காய் உடைத்தாள். ஊரும் மெச்சிற்று. பரவாயில்லையே, முரடனுக்கு நிதானம் வந்துவிட்டதே என்று அத்தனை பேரும் சொன்னார்கள். எதைத்தான் நிதானம் என்று சொல்லக்கூடாது இந்த ஊரில்!

தை மாதம், சோரியாங்குப்பத்துப் பக்கம் பெண்ணையாற்றங்கரையில் பலராமன் என்ற விவசாயியின் கரும்புக்கு வெட்டு ஆர்டர் வந்தது. கரும்பு ஆள் உயரத்துக்குமேல் நின்று பின்னிக் கிடந்தது. காட்டுப்பன்றி இருக்கிறது என்று பலராமன் முதலிலேயே சொல்லிவிட்டார். ராத்திரி ராத்திரி ஆற்றிலிருந்து ஏறிவந்து பாதிக் கரும்பை மென்று துப்பியிருந்தது.

நாலு பக்கமும் சுற்றி வெட்டிக்கொண்டே உள்ளே போவார்கள். வெட்ட வெட்ட, உள்ளே இருக்கிற எலி, பாம்பு, கீரி எல்லாம் நடுவுக்கு ஒதுங்கிக்கொண்டே போகும். கடைசியில் ஒரு வீட்டு அகலத்துக்குத்தான் கரும்பு நிற்கும். அதுவரைக்கும் ஓடாமல் இருந்தது எதுவோ, அது அதற்குள்தான் இருக்கும். அந்தக் கடைசிப் பாத்திக்கு வரும்போது பெண்களை வரப்பின்மேல் ஏற்றிவிடுவார்கள். பன்றியை அடிப்பது சட்டப்படி தப்பு, எல்லோருக்கும் தெரியும். ஆனால் மேலே வந்து பாய்கிற பன்றிக்குச் சட்டம் தெரியாதே.

கேங்கில் ஒரு வழக்கம் உண்டு. பன்றி விழுந்தால் அதன் தலை, முதல் வெட்டு போட்டவனுக்கு. மற்றது எல்லோருக்கும் சமம். முதல் வெட்டு தோலைக் கீறினால்கூடப் போதும், தலை அவனுக்குத்தான். கடைசி வெட்டுக்கு என்று தனியாக ஒன்றும் கிடையாது. ஏன் அப்படி வைத்தார்கள் என்று கேட்டால் ஆண்டனி சொல்வார்: "பன்னி பாயும்போது பத்துப் பேரு நின்னா, பத்துப் பேரும் அடுத்தவன் வெட்டட்டும்னுதான் பாப்பான். அந்தக் கேப்புல ஒருத்தன் சாவான்." அப்படி யாரோ செத்து வந்த வழக்கம்தான் அது. அரிகரனுக்கு அது தெரியாமல் இல்லை. பதினைந்து வயதிலிருந்து தெரியும்.

வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. கடைசிப் பாத்தியைச் சுற்றி ஆட்கள் நின்றார்கள். நாய்கள் குரைத்த குரைப்பில் காது அடைத்தது. ஆண்டனி மண்கட்டியை எடுத்து உள்ளே வீசினார். கரும்பு அசைந்தது. இன்னொரு கட்டி. அசைந்த இடம் நகர்ந்தது. தெற்கே சிவப்பிரகாசம். அவனுக்குப் பக்கத்தில், எட்டிப் போட்டால் நாலு அடியில், அரிகரன்.

"உஷாரு மாப்ள!"

சொல்லி வாய் மூடவில்லை. சோகை பிளந்தது. கறுத்த ஆண்பன்றி, பிடரிமயிர் சிலிர்த்துக்கொண்டு, வாயிலிருந்து இரண்டு கோரைப்பல் வெள்ளையாக நீட்டியபடி நேரே சிவப்பிரகாசத்தின்மேல் வந்தது. விலக இடமில்லை. சிவப்பிரகாசம் ஓங்கி வெட்டினான். கொடுவாள் பன்றியின் தோளில் பிடிவரைக்கும் இறங்கி எலும்பில் மாட்டிக்கொண்டது. பன்றி அவனை முட்டித் தூக்கி மல்லாக்கப் போட்டது. கோரை தொடையில் ஏறிக் கிழித்தது. வெள்ளைச் சதை தெரிந்து, உடனே சிவந்து, ரத்தம் பீறிட்டது.

அரிகரன் பாய்ந்தான். உண்மையாகவே பாய்ந்தான், முதல் எட்டு பழைய அரிகரனுடையது. கொடுவாள் தலைக்குமேல் போய்விட்டது. அப்போதுதான் அந்தப் பாழாய்ப்போன கண் பன்றியின் தலைக்குமேலே எதையோ தேடிற்று. தோளிலிருந்து பன்றிக்கு ரத்தம் கொட்டிக்கொண்டிருந்தது. முன்னங்கால் ஒன்று துவண்டது. இன்னும் இருக்கிறது என்று உள்ளே ஒன்று சொன்னது. இரு. அவனுடைய இடது கட்டைவிரல் தானாக மேலே தூக்கிக்கொண்டது. கால் நின்றுவிட்டது.

"மாப்ள!" என்று சிவப்பிரகாசம் அலறினான்.

அரிகரன் நின்றான். ஒரு மூச்சு இழுத்து விடும் நேரம்தான். அந்த நேரத்துக்குள் பன்றி தலையைத் தாழ்த்தி இரண்டாவது தடவை உள்ளே போனது. முழங்காலுக்குப் பின்னால் கோரை நுழைந்து, கரும்புத் தோகை கிழிகிற சத்தம் போல ஒரு சத்தம் வந்தது. சிவப்பிரகாசத்தின் அலறல் பாதியில் நின்றது. பன்றி தடுமாறி, முன்கால் இரண்டும் மடங்கி மூக்கு மண்ணில் குத்தியது.

இப்போது. அரிகரன் வெட்டினான். பிடரியில் ஒரே வெட்டு. தலை ஒரு பக்கம் தொங்கிற்று, சூடாக ரத்தம் அவன் முகத்தில் அடித்தது. அப்படி ஒரு வெட்டை அந்தக் கேங்கு பார்த்ததில்லை. "அரிகரா!" என்று கத்திக்கொண்டு எல்லோரும் ஓடிவந்தார்கள். அவனுக்குள்ளே, வெட்கக்கேடு, சொல்லத்தான் வேண்டும், அந்த ஒரு நொடி தித்தித்தது.

பிறகுதான் கீழே பார்த்தான். சிவப்பிரகாசத்தின் கால் இருக்கவேண்டிய பக்கம் இல்லாமல் வேறு பக்கம் திரும்பிக் கிடந்தது. வரப்பிலிருந்து மகாலட்சுமி ஓடிவந்து முந்தானையைக் கிழித்து அண்ணன் தொடையில் இறுக்கிக் கட்டினாள். கட்டும்போது ஒரே ஒரு தடவை நிமிர்ந்து புருஷனைப் பார்த்தாள். நூற்றியெட்டு வண்டி வந்து தூக்கிக்கொண்டு போனது.

அன்று சாயங்காலம் பங்கு போடும்போது ஆண்டனி சொன்னார், "மொத வெட்டு சிவப்பிரகாசத்தோடது. தல அவன் வூட்டுக்கு." அதுதானே வழக்கம். அரிகரன் தன் பங்கை வாங்காமலே வீட்டுக்கு நடந்தான். வழியெல்லாம் ஆட்கள் நிறுத்தி நிறுத்தி அவன் தோளைத் தட்டினார்கள். நீ இல்லன்னா சிவப்பிரகாசம் பொணம்டா என்றார்கள். ஒவ்வொரு தட்டும் செருப்படியாக விழுந்தது.

சர்க்கார் ஆஸ்பத்திரியில் டாக்டர் விவரமாகச் சொன்னார். தொடையில் பட்டது வெறும் சதைக்காயம், தையல் போட்டால் ஆறிவிடும். இரண்டாவதாகப் பட்டதுதான் கெடுத்தது. முழங்காலுக்குப் பின்னால் நரம்பு அறுந்துவிட்டது. கால் இருக்கும், மடங்காது. இனி குனிந்து கரும்பு வெட்டுவதெல்லாம் நடக்காது. உயிர் பிழைத்ததே பெரிது என்றார்.

இரண்டாவதாகப் பட்டது. அரிகரன் அந்த வார்த்தையைத் தூக்கிக்கொண்டு அலைந்தான். சோறு இறங்கவில்லை. கேமை அழித்துவிட்டான். அழித்தால் போகிறதா?

மகாலட்சுமி அண்ணனுக்குக் கஞ்சி கொண்டுபோன ஒருநாள் காலையில் அவனும் கூடப் போனான். சிவப்பிரகாசம் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். பக்கத்துக் கட்டில்காரரிடம் கையைக் காட்டி, "தோ இவன்தான் எங்க மாப்ள, ஒரே போடு, பன்னி க்ளோஸ்" என்று பெருமையடித்தான். அரிகரன் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். மகாலட்சுமி கஞ்சியை ஊற்றி அண்ணன் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பினாள்.

"நீ ஏன்யா நின்ன?"

வார்டில் சத்தம் போடவில்லை, சும்மாதான் கேட்டாள். வழுக்கிடுச்சு என்று சொல்லியிருக்கலாம். நாய் குறுக்க வந்துடுச்சு என்று சொல்லியிருக்கலாம். பொய் சொல்லத் தெரியாத பிறவி.

"கடைசி வெட்டு போடலாம்னு நின்னேன்" என்றான். சொல்லும்போதே உடைந்துவிட்டான். "மச்சான், என்ன செருப்பால அடி மச்சான். நான்தான் உன் கால வெட்னேன். பன்னி இல்ல."

சிவப்பிரகாசம் கஞ்சியைக் கீழே வைத்தான். "தெரியும்டா."

"தெரியுமா?"

"கண்ணத் தொறந்துகினுதான கெடந்தேன். நீ கையத் தூக்கிகினு நின்னத பாத்தேன். அட, இவன் பாக்கறான்டான்னு நெனச்சேன்." அரிகரனின் கையைப் பிடித்தான். "வுடு மாப்ள. உன் எடத்துல நானா இருந்தாலும் நின்னுருப்பேன். நான்தான உனக்குச் சொல்லிக்குடுத்தது?"

அரிகரன் அந்தக் கையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். சிவப்பிரகாசமும் அழுதான். மன்னிப்பு கிடைத்துவிட்டது. நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாறை இறங்கிவிட்டது என்று அரிகரன் நினைத்தான். இரண்டு பேரும் தூக்குச்சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தவளை மறந்தே போனார்கள்.

அவள் சட்டியை மூடினாள். "நல்லா கீதுடா உங்க நாயம்" என்றாள். "இவன் நின்னான், நீயும் நின்னுருப்ப. அவ்ளோதான், சரியாப் போச்சி. இவன் நின்னா எனக்கு அண்ணன் இல்ல. நீ நின்னா எனக்குத் தாலி இல்ல. ரெண்டு பேரும் கட்டிப்புடிச்சி அழுதுகினா முடிஞ்சிதா? எனக்கு யாருடா கீறான்?"

பதிலுக்குக்கூட நிற்கவில்லை. பாகூர் பஸ்ஸைப் பிடித்துப் போய்விட்டாள். அவன் அடுத்த பஸ்ஸில் போனான்.

வீட்டில் சண்டை எதுவும் இல்லை. சோறு போட்டாள், துணி துவைத்தாள், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினாள். கேட்டதற்குப் பதில் சொன்னாள். சரியாகிவிடும் என்று அரிகரன் நம்பினான். அவளுக்காக எதை வேண்டுமானாலும் செய்யத் தயாராக இருந்தான், ஆனால் செய்வதற்கு அவள் எதையும் சொல்லவில்லை.

மாசியில் கரையாம்புத்தூர்ப் பக்கம் அடுத்த வெட்டு. விடிந்ததும் கேங்கு நிலத்தில் இறங்கிற்று. ஆண்டனி ஆளுக்கு ஒரு வரிசையாகப் பிரித்துக் கொடுத்தார். அரிகரன் தன் வரிசையின் தலைமாட்டில் போய் நின்று கொடுவாளைத் தீட்டினான். பின்னால் காலடிச் சத்தம் வரவில்லை. திரும்பிப் பார்த்தான். மகாலட்சுமி இரண்டு வரிசை தள்ளி, வள்ளியம்மாளின் புருஷனுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டிருந்தாள். வள்ளியம்மாள் எங்கே போவது என்று தெரியாமல் முழித்தாள்.

"இன்னாம்மா இது?" என்றார் ஆண்டனி. "புருஷன் பொண்டாட்டி சண்டையெல்லாம் வூட்டோட வெச்சிக்கோ. ஜோடிய மாத்தாத."

"சண்டை ஒண்ணும் இல்ல மேஸ்திரி. ஒரே வூட்லதான் கீறேன், நான்தான் சோறாக்கிப் போடறேன். அதுல ஒண்ணும் கொறையில்ல." சோகை படாமல் இருக்கச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டே பேசினாள். "ஆனா இங்க நான் குனிஞ்சிகினு கெடப்பேன். எம்மேல எதனா ஒண்ணு பாஞ்சா, இந்த ஆளு வருவானா, நின்னு பாப்பானான்னு எனக்குத் தெரியல."

கேங்கு வெட்டை நிறுத்திற்று. அத்தனை பேரும் அரிகரனைப் பார்த்தார்கள். வருவேன், சத்தியமாக வருவேன் என்று கத்துவதற்கு அவன் வாயெடுத்தான். ஆனால் அவனுக்கும் தெரியவில்லை.

ஆண்டனி வள்ளியம்மாளைப் பார்த்துத் தலையசைத்தார். அவள் தயங்கித் தயங்கி வந்து, அவனுக்கு எட்டாத தூரம் விட்டு நின்றாள். அரிகரன் குனிந்து வெட்ட ஆரம்பித்தான்.